கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் அடங்கும் குரல்: எச்.323, எஸ்ஐபி இணைப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

பல கிளைகள் கொண்ட ஒரு நிறுவனத்தில், கிளை அலுவலகங்களின் இணையவழித் தொலைபேசிகளும் கூட்ட அறைகளின் காணொலிக் கருவிகளும் எச்.323 என்னும் நெறிமுறையில், அதாவது கருவிகள் இணையவழி அழைப்பை அமைத்து நடத்துவதற்கான விதித்தொகுப்பில், இயங்கிவந்தன. தலைமை அலுவலகம் மட்டும், அதே பணிக்கான மற்றொரு நெறிமுறையான எஸ்ஐபியில் இயங்கும் புதிய சர்வருக்கு மாறியது. கிளைகளில் இருந்த கருவிகள் குறையின்றி வேலை செய்துகொண்டிருந்ததால், அவற்றை ஒட்டுமொத்தமாகக் கழித்துக்கட்டுவதற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே இரண்டு அமைப்புகளுக்கும் நடுவே ஒரு கேட்வே நிறுவப்பட்டது. ஒரு பக்கம் அது எச்.323 கருவியாகவும் மறுபக்கம் எஸ்ஐபி கருவியாகவும் நடந்துகொள்ளும். ஒரு பக்கத்தில் வரும் சமிக்ஞையை (அழைப்பை அமைக்கவும் முடிக்கவும் பரிமாறப்படும் செய்திகளை) மறுபக்கத்தின் மொழிக்கு மாற்றித் தரும். குரல் பாக்கெட்டுகளும் அதன் வழியாகவே போய்வந்தன.

சோதனை அழைப்புகள் எல்லாம் நன்றாகவே அமைந்தன. மணி அடித்தது, எடுத்துப் பேச முடிந்தது, இரு பக்கமும் குரல் தெளிவாகக் கேட்டது. ஆனால் அமைப்பு முழுப் பயன்பாட்டுக்கு வந்த சில நாள்களிலேயே ஒரு விசித்திரமான புகார் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்குச் செய்யும் அழைப்பு ஏறத்தாழ கால் மணி நேரத்தைத் தொட்டதும், கிளையில் பேசுபவரின் குரல் தலைமை அலுவலகத்தில் கேட்காமல் போய்விடும். தலைமை அலுவலகத்தின் குரலோ கிளையில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். சில கிளைகளில் இதே தருணத்தில் அழைப்பே துண்டிக்கப்பட்டது. கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் இந்தக் குறை ஒருமுறைகூடத் தென்படவில்லை. ஒரு மணி நேரக் கூட்டங்கள்கூடத் தடையின்றி நடந்தன.

நெறிமுறைகளை இணைக்கும் பணியில் இருப்பவர்கள் பலரும் இப்படிப்பட்ட குறையை ஏதோ ஒரு வடிவில் சந்திக்க நேரும். அழைப்பை ஏற்படுத்துவது வரை எல்லா கேட்வேக்களும் நன்றாகவே செய்துவிடுகின்றன. அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதை மாற்றுவதில்தான் அவற்றின் தரம் தெரியவருகிறது. இந்த ஆய்வை விரிவாக எழுதுவதற்கும் அதுவே காரணம்.

இரண்டு நெறிமுறைகளின் அமைப்பு

எச்.323-இன் முதல் பதிப்பை, தொலைத்தொடர்புத் தரநிலைகளை வகுக்கும் ஐடியு-டி அமைப்பு 1996-இல் ஏற்றுக்கொண்டது. அது தொலைபேசி உலகத்தின் மரபில் வந்தது. ஐஎஸ்டிஎன் என்னும் டிஜிட்டல் தொலைபேசி வலையமைப்பின் க்யூ.931 சமிக்ஞை முறையைத் தழுவிய எச்.225.0 அழைப்பை ஏற்படுத்துகிறது; ஊடகம் தொடர்பான பேச்சுவார்த்தையை எச்.245 என்னும் தனி நெறிமுறை கவனித்துக்கொள்கிறது. செய்திகள் பைனரியாக, பெரும்பாலும் ஏஎஸ்என்.1 என்னும் முறையில், குறியிடப்படுகின்றன. எஸ்ஐபி இணையத்தின் மரபில் வந்தது. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப், ஆர்எஃப்சி எனப்படும் தன் எண்ணிட்ட ஆவண வரிசையில் 1999-இல் ஆர்எஃப்சி 2543 ஆகவும், 2002-இல் திருத்திய வடிவில் ஆர்எஃப்சி 3261 ஆகவும் அதை வெளியிட்டது. செய்திகள் எளிய உரை வடிவில் இருக்கும். ஊடக விவரங்கள் எஸ்டிபி என்னும் சிறு விவரிப்பாக அந்தச் செய்திக்குள்ளேயே பயணிக்கும்; ஒரு பக்கம் முன்மொழிய, மறுபக்கம் பதில் தரும்.

பைனரி, உரை என்ற இந்த வடிவ வேறுபாட்டைக் கண்டு பலரும் மலைக்கிறார்கள். உண்மையில் அது மிகச் சிறிய சிக்கல். குரலைச் சுமக்கும் ஆர்டிபி நெறிமுறை இரு பக்கமும் ஒன்றுதான், ஜி.711, ஜி.729 போன்ற கோடெக்குகளும் (குரலை டிஜிட்டல் வடிவில் குறியிடும் முறைகள்) பொதுவானவைதான். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. எஸ்ஐபியில் ஒரே முன்மொழிவு, ஒரே பதில் என்ற இரண்டு செய்திகளில் முடிந்துவிடும் ஊடக ஒப்பந்தம், எச்.245-இல் மூன்று தனித்தனி நடைமுறைகளாகப் பிரிந்திருக்கிறது. முதலில் இரு கருவிகளும் தத்தம் திறன் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும். அடுத்து, மோதல் வந்தால் யார் சொல் எடுபடும் என்பதை முடிவுசெய்ய மாஸ்டர்-ஸ்லேவ் தீர்மானம் நடக்கும். தனி டெர்மினலுக்கு 50, கேட்வேக்கு 60 என்று கருவி வகைக்கு ஒதுக்கப்பட்ட எண்களில் பெரியதை உடையது மாஸ்டராகும், எண்கள் சமமாக இருந்தால் தற்போக்கு எண் ஒன்று தீர்ப்புச் சொல்லும். அதன் பிறகுதான் ஒவ்வொரு திசைக்கும் ஒரு லாஜிக்கல் சேனல், அதாவது குரல் செல்லும் ஒருவழிப் பாதை, திறக்கப்படும். ஒவ்வொரு நடைமுறைக்கும் தனி நிலை, தனி டைமர் உண்டு. எஸ்ஐபியில் இவற்றுக்கு நேர் நிகர் கிடையாது. மாஸ்டர்-ஸ்லேவ் என்ற கருத்தே அங்கு இல்லை.

இரண்டையும் இணைப்பதற்கான தேவைகளை 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4123 விவரிக்கிறது. அது தகவலுக்கான ஆவணமே தவிர, கட்டாயத் தரநிலை அன்று. எந்தச் செய்திக்கு எந்தச் செய்தி என்ற இறுதித் தீர்மானம் பெரும்பாலும் கேட்வே செய்பவரின் கையிலேயே விடப்பட்டிருக்கிறது.

ஃபயர்வால் மீது விழுந்த சந்தேகம்

நேரம் சார்ந்தும் திசை சார்ந்தும் வரும் எந்தக் குறைக்கும் முதலில் குற்றம் சாட்டப்படுவது ஃபயர்வால்தான். இங்கும் அப்படியே நடந்தது. பயன்பாட்டில் இல்லாத இணைப்பை ஃபயர்வால் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடும், அதனால் குரல் அறுபடுகிறது என்பது வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் இந்த நிகழ்வில் அது பொருந்தவில்லை. அழைப்புகள் ஜி.711 கோடெக்கில், மௌனத்தின்போது பாக்கெட்டுகளை நிறுத்தும் வசதி இல்லாமல் நடந்தன. அதாவது யாரும் பேசாவிட்டாலும் 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் ஒவ்வொரு திசையிலும் போய்க்கொண்டே இருந்தது. விநாடிக்கு 50 பாக்கெட்டுகள் ஓடும் பாதையை எந்த ஃபயர்வாலும் பயன்பாட்டில் இல்லாத பாதையாகக் கருதாது. அதோடு, குறை தோன்றிய தருணம் கிளைக்குக் கிளை மாறவில்லை. அழைப்பு இணைந்து 900 விநாடிகள் ஆன பிறகே அது நடந்தது. அவ்வளவு துல்லியமான முழு எண் ஒரு டைமரைத்தான் சுட்டும்.

எஸ்ஐபியில் அப்படியொரு டைமர் உண்டு. ஆர்எஃப்சி 4028 வரையறுக்கும் செஷன் டைமர் அது. அழைப்பின் ஒரு முனை சொல்லாமல் செத்துப்போனால், நடுவிலுள்ள சர்வர் அந்த அழைப்பை என்றென்றும் உயிரோடிருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. அழைப்புக்கு ஒரு காலாவதி நேரம் ஒப்புக்கொள்ளப்படும். பரிந்துரைக்கப்படும் அளவு 1800 விநாடிகள். புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்ற முனை, அதில் பாதி நேரம் கழிந்ததும் ஒரு ரீ-இன்வைட் (அழைப்பைத் தொடங்கும் இன்வைட் செய்தியை அதே அழைப்புக்குள் மீண்டும் அனுப்புவது) அல்லது அப்டேட் செய்தி அனுப்பி அழைப்பைப் புதுப்பிக்கும். 1800-இல் பாதி 900. விடை பாதி கிடைத்துவிட்டது.

திசை சார்ந்த புதிரும் இதிலேயே அவிழ்ந்தது. இந்த அமைப்பில் சர்வரும் கேட்வேயும், அழைப்பைத் தொடங்கிய முனையே புதுப்பிக்கும் என்று தம் இன்வைட் செய்தியில் குறிப்பிட்டன. கிளையிலிருந்து வரும் அழைப்பில், எஸ்ஐபி பக்கத்தைப் பொறுத்தவரை தொடங்கிய முனை கேட்வேதான். அது தானே ரீ-இன்வைட் அனுப்பித் தானே பதிலைப் பெற்றுக்கொண்டது; எச்.323 பக்கத்துக்கு இந்தச் செய்தியே எட்டவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து போகும் அழைப்பில் சர்வர் ரீ-இன்வைட் அனுப்பியது. அதை வாங்கிக்கொண்டது கேட்வே. வாங்கிய பிறகு அது என்ன செய்தது என்பதுதான் மீதிக் கேள்வி.

பாக்கெட் கேப்சர் காட்டியது

வலையமைப்புக் குழு முதலில் எடுத்த கேப்சரில், அதாவது வலையமைப்பில் ஓடும் பாக்கெட்டுகளின் பதிவில், 5060 (எஸ்ஐபி), 1720 (எச்.323) ஆகிய இரண்டு போர்ட்டுகள் மட்டுமே பதிவாகியிருந்தன. அதன்படி 900-ஆவது விநாடியில் எஸ்ஐபி பக்கம் ஒரு ரீ-இன்வைட்டும் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லும் 200 ஓகே பதிலும் இருந்தன, எச்.323 பக்கம் ஒன்றுமே இல்லை. இதை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோலத் தோன்றும். ஆனால் 1720 எச்.225.0-க்கான போர்ட் மட்டுமே. எச்.245 அந்த இணைப்புக்குள்ளேயே டனல் செய்யப்படாதபோது, அழைப்பின்போது அறிவிக்கப்படும் வேறொரு டிசிபி போர்ட்டில் தனியாக ஓடும். கேட்வேயின் இரு பக்கத்திலும் வடிகட்டி எதுவும் இல்லாமல் முழுமையாகக் கேப்சர் எடுத்து, வயர்ஷார்க் என்னும் பாக்கெட் ஆய்வு மென்பொருளில் திறந்தபோதுதான் நடந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

சர்வரின் ரீ-இன்வைட் வந்ததும் கேட்வே அதை ஊடக மாற்றமாக எடுத்துக்கொண்டது. எச்.245 பக்கம் முதலில் ஒரு வெற்றுத் திறன் பட்டியலை அனுப்பியது. எச்.323-இல் இதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு: இப்போதைக்கு என்னால் எதையும் பெற முடியாது, அனுப்புவதை நிறுத்து. கிளைக் கருவி சொன்னபடி தன் அனுப்பும் சேனலை மூடிக்கொண்டு, இடைநிறுத்தப்பட்ட நிலைக்குப் போனது. உடனடியாகக் கேட்வே தன் முழுத் திறன் பட்டியலை அனுப்பியது. மீண்டும் தொடங்கலாம் என்பது அதன் நோக்கம்.

இங்கேதான் கம்பி அறுந்தது. இடைநிறுத்தத்திலிருந்து வெளியே வரும் கருவி, எச்.245 இணைப்பு முதன்முதலில் உருவான தருணத்தில் இருந்த நிலைக்குத் தன்னைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று எச்.323 விதிக்கிறது. திறந்திருக்கும் சேனல்களை மட்டும் அது அப்படியே காத்துக்கொள்ளும். மற்றபடி மாஸ்டர்-ஸ்லேவ் தீர்மானத்திலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். இடைநிறுத்தத்துக்குப் பிறகு மறுமுனையில் வேறு கருவியே வந்து சேர்ந்திருக்கலாம் என்பதால் ஏற்பட்ட விதி அது. அழைப்பு மாற்றித் தரப்படும்போது அப்படித்தான் நடக்கிறது. கிளைக் கருவி விதிப்படி மாஸ்டர்-ஸ்லேவ் தீர்மானத்தைத் தொடங்கும் செய்தியை அனுப்பியது. கேட்வே பதில் சொல்லவே இல்லை. அழைப்பின் தொடக்கத்திலேயே அந்தத் தீர்மானம் முடிந்துவிட்டது என்று அதன் உள்நிலை சொன்னது. அதனால் புதிதாக வந்த செய்தியை அது பொருட்படுத்தாமல் விட்டது.

தீர்மானம் முடியாததால் கிளைக் கருவி தன் அனுப்பும் சேனலைத் திறக்கவில்லை. கிளையின் குரல் தலைமை அலுவலகத்துக்குப் போகவில்லை. கேட்வேயிலிருந்து கிளைக்கு வரும் சேனலோ மூடப்படவே இல்லை. அதனால் தலைமை அலுவலகத்தின் குரல் கிளையில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் அடங்கியதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. தீர்மானத்துக்கான டைமர் காலாவதியானபோது, சில வகைக் கருவிகள் பேசாமல் இருந்துவிட்டன. சில வகைக் கருவிகள் இனி இந்த அழைப்பைத் தொடர முடியாது என்று முடிவுகட்டி அழைப்பையே விடுவித்தன. கிளைக்குக் கிளை புகார் வேறுபட்டதற்கு அங்கிருந்த கருவியின் வகையே காரணம்.

விடுவிக்கப்பட்ட அழைப்புகள் தொடர்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவற்றின் விடுவிப்புச் செய்தி சமிக்ஞைப் பதிவில் இயல்பான முடிவாகவே பதிவாகியிருந்தது. கேட்வே எஸ்ஐபி பக்கம் அழைப்பை முடிக்கும் ‘பை’ (BYE) செய்தியை மட்டும் அனுப்பியதால், யாரோ போனை வைத்துவிட்டார்கள் என்றே சர்வரின் பதிவேடு காட்டியது. அறுந்துபோன அழைப்புகள் அறிக்கைகளில் இயல்பாக முடிந்த அழைப்புகளோடு கலந்து நின்றன. ஆர்எஃப்சி 3326 தரும் ரீசன் தலைப்பைப் பயன்படுத்தி, எச்.323 பக்கத்தின் காரண எண்ணை எஸ்ஐபி பக்கம் அப்படியே கடத்தியிருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் காரண எண்ணோடு விடுவிப்பு வந்தது என்பதையாவது பதிவேட்டிலேயே கண்டிருக்கலாம். இரண்டு நெறிமுறைகளை இணைக்கும் எவரும் இந்தத் தலைப்பை முதல் நாளே இயக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கே பிழை

கேட்வே செய்தவர்களிடம் ஒரு மொழிபெயர்ப்பு அட்டவணை இருந்திருக்கிறது: ரீ-இன்வைட் வந்தால் வெற்றுப் பட்டியல், பிறகு முழுப் பட்டியல். அந்த அட்டவணையில் தவறில்லை. ஹோல்டு செய்யும்போது அதுதான் சரியான வழி. தன்னால் அனுப்ப மட்டுமே முடியும், பெற இயலாது என்று எஸ்டிபி சொல்வதும், வெற்றுத் திறன் பட்டியல் சொல்வதும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் பெறும் கருவியின் உள்ளே எந்த நிலை மாறுகிறது என்பதை அட்டவணை பேசவில்லை. செய்தியை மாற்றித் தந்தால் போதும் என்ற எண்ணத்தின் எல்லை இதுதான். நடுவில் நிற்கும் கேட்வே இரு பக்கமும் முழுப் பொறுப்புள்ள ஒரு கருவியாக நடந்துகொள்ள வேண்டும். எஸ்ஐபி பக்கத்தின் நிலை தனி, எச்.323 பக்கத்தின் நிலை தனி, ஒன்றில் நிகழ்வது மற்றதைப் பாதிக்க வேண்டுமா என்பதை ஒவ்வொரு முறையும் அது முடிவெடுத்தாக வேண்டும்.

புதுப்பிப்புக்காக வந்த இந்த ரீ-இன்வைட், எச்.323 பக்கத்தைத் தொட்டிருக்கவே கூடாது. அதைத் தெரிந்துகொள்ள வழியும் இருந்தது. எஸ்டிபி விவரிப்பின் ‘ஓ’ வரியில் ஒரு பதிப்பு எண் உண்டு. விவரிப்பு மாறினால் அந்த எண் ஒன்று கூட வேண்டும், மாறாவிட்டால் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 3264 வகுத்திருக்கிறது. கேப்சரில் பார்த்தபோது 900-ஆவது விநாடியில் வந்த விவரிப்பின் பதிப்பு எண்ணும், அழைப்பின் தொடக்கத்தில் வந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. எதுவும் மாறவில்லை, உயிரோடிருக்கிறாயா என்று மட்டுமே கேட்கிறேன் என்று சர்வர் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கேட்வே அந்த எண்ணைப் படிக்கவில்லை.

செய்த திருத்தங்கள்

கேட்வேயின் மென்பொருளில் திருத்தம் வரும்வரை, உடனடி நிவாரணமாகச் சர்வரின் அமைப்பு மாற்றப்பட்டது. தன் இன்வைட் செய்தியில், யார் புதுப்பிப்பது என்று சர்வர் குறிப்பிடாமல் விட்டது. அப்படி விடப்பட்டால் பெறும் முனை அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ள ஆர்எஃப்சி 4028 அனுமதிக்கிறது, கேட்வே எடுத்துக்கொண்டது. இப்போது இரு திசை அழைப்புகளிலும் கேட்வேயே புதுப்பித்ததால், எச்.323 பக்கம் அமைதியாக இருந்தது. செஷன் டைமரையே அணைத்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. அதை ஏற்காதது நல்லதாகப் போயிற்று. டைமர் இல்லாவிட்டால் செத்த அழைப்புகள் சர்வரில் தேங்கி, இணைப்புகளின் எண்ணிக்கையைத் தின்றுகொண்டிருக்கும்.

மென்பொருள் திருத்தம் இரண்டு பகுதிகளாக வந்தது. முதலாவதாக, பதிப்பு எண் மாறாத ரீ-இன்வைட்டுக்குத் தன் பழைய விவரிப்பையே பதிலாகத் தந்து கேட்வே அங்கேயே முடித்துவிடும். இரண்டாவதாக, உண்மையான இடைநிறுத்தத்துக்குப் பிறகு அதுவும் எச்.245 நிலையைத் தொடக்கத்துக்குத் திருப்பி, மாஸ்டர்-ஸ்லேவ் தீர்மானத்தில் பங்கேற்கும். இந்த இரண்டாவது பகுதிதான் முக்கியமானது. முதல் பகுதி மட்டும் போதும் என்று நிறுத்தியிருந்தால், ஹோல்டு செய்து மீண்டும் எடுக்கும் அழைப்புகளில் அதே குறை தங்கியிருக்கும். விசாரித்தபோது, ஹோல்டில் வைத்த அழைப்பு திரும்பி வராமல் போவது கிளைகளில் வழக்கமாகவே இருந்திருக்கிறது. ஊழியர்கள் அதைப் புகாராகச் சொல்லாமல், வைத்துவிட்டு மீண்டும் அழைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டிருந்தார்கள். பயனர்கள் பழகிப்போன குறைகள் பதிவேட்டில் வருவதில்லை; நேரில் போய்க் கேட்டால்தான் வரும்.

இதே ஆய்வில் வெளிப்பட்ட வேறு சில

கிளையிலிருந்து வரும் சில அழைப்புகளில், எடுத்தவுடன் பேசும் முதல் ஓரிரு சொற்கள் விழுங்கப்பட்டன. பழைய கருவிகள் சில, எச்.323-இன் 1998 இரண்டாம் பதிப்பில் வந்த ஃபாஸ்ட் கனெக்ட் முறையை (ஊடக விவரத்தை அழைப்பை ஏற்படுத்தும் செய்தியிலேயே அனுப்புவது) பயன்படுத்தாமல், அழைப்பு எடுக்கப்பட்ட பிறகே எச்.245 பேச்சைத் தொடங்கின. ஊடக விவரம் கையில் இல்லாததால் கேட்வே விவரிப்பு இல்லாத இன்வைட்டை அனுப்பியது. சர்வர் 200 ஓகே செய்தியோடு தன் முன்மொழிவைத் தந்தது. அதற்கான பதிலை, 200 ஓகே கிடைத்ததை உறுதிசெய்யும் ‘ஆக்’ (ACK) செய்தியில் தர வேண்டிய கேட்வே, எச்.245 முடியும்வரை ஆக் அனுப்பாமல் காத்திருந்தது. அந்த இடைவெளியில் சர்வர் அரை விநாடியில் தொடங்கி இரட்டித்துப் போகும் இடைவெளிகளில் 200 ஓகே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பியதைக் கேப்சரில் காண முடிந்தது. ஃபாஸ்ட் கனெக்ட்டை ஏற்கும் கருவிகளில் அதை இயக்கியதும் இது நின்றது.

தானியங்கிப் பதில் அமைப்பில் எண்களை அழுத்தினால் ஒரே எண் இருமுறை பதிவாவதும் இருந்தது. எச்.245 வழியாகச் செய்தியாகவும், ஜி.711 குரலுக்குள் ஒலியாகவும் அதே எண் போய்ச் சேர்ந்ததே காரணம். எஸ்ஐபி பக்கம், அழுத்திய எண்ணைத் தனி ஆர்டிபி பாக்கெட்டாக அனுப்பும் ஆர்எஃப்சி 4733 முறை ஒன்றையே வைத்து, குரலுக்குள் வரும் ஒலியைக் கேட்வே நீக்கிவிடும்படி அமைத்ததும் சரியானது.

ஜி.729 பயன்படுத்திய ஒரு கிளையில் குரல் இடையிடையே கரகரத்தது. எஸ்டிபியில் ஜி.729 என்று எழுதி அனெக்ஸ்-பி பற்றி எதுவும் சொல்லாவிட்டால், மௌனத்தைச் சுருக்கும் அந்த வசதி உண்டு என்றே பொருள். எச்.245-இலோ அனெக்ஸ்-பி உள்ளதும் இல்லாததும் தனித்தனித் திறன்களாக அறிவிக்கப்படுகின்றன. அந்த வசதி இல்லாத பழைய கருவிக்கு மௌனச் சட்டகங்கள் போய்ச் சேர்ந்தன. அனெக்ஸ்-பி இல்லை என்பதைக் கேட்வே வெளிப்படையாக எழுத வேண்டும். சொல்லாமல் விடுவது இங்கே ஒரு சொல்லாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இப்போதைய ஏற்பும் சோதனையும்

இந்த நிகழ்வுக்குப் பிறகு ஏற்புச் சோதனையின் வடிவம் மாறியது. இணைந்து, பேசி, வைத்தால் போதும் என்றிருந்த சோதனை, இப்போது இரு திசைகளிலும் குறைந்தது இரண்டு புதுப்பிப்புகளைத் தாண்டும்வரை நீள்கிறது. ஒவ்வொரு கருவி வகையோடும் இரு பக்கத்திலிருந்தும் ஹோல்டு செய்து எடுப்பதும், ஹோல்டில் இருக்கும்போதே வேறொருவருக்கு மாற்றித் தருவதும் அதில் அடக்கம். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க, சோதனைக்கு மட்டும் காலாவதி நேரத்தை ஆர்எஃப்சி 4028 அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவான 90 விநாடிகளுக்குக் கொண்டுவரலாம். அப்போது முக்கால் நிமிடத்துக்கு ஒரு புதுப்பிப்பு வரும், கால் மணி நேரக் குறை ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும்.

ஒரு பழைய கருவி வகை மட்டும் திருத்தத்துக்குப் பிறகும் இடைநிறுத்தத்திலிருந்து ஒழுங்காக மீளவில்லை; கேட்வே மாஸ்டர்-ஸ்லேவ் தீர்மானத்தில் சரியாகப் பங்கேற்றும், அது தன் சேனலைத் திறக்கவில்லை. அந்த வகைக்குக் கேட்வேயில் தனி விதி எழுதப்பட்டிருக்கிறது. ஹோல்டு வந்தால் வெற்றுப் பட்டியல் அனுப்பப்படாது. கருவி தொடர்ந்து பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும், கேட்வே அவற்றை எஸ்ஐபி பக்கம் விடாமல் வைத்துக்கொள்ளும், ஹோல்டு நீங்கியதும் மீண்டும் விடும். இதனால் அந்தக் கிளைகளின் இணைப்பில் கொஞ்சம் அலைவரிசை வீணாகிறது. அக்கருவிகள் மாற்றப்படும்வரை அந்த இழப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டு, விதியின் பக்கத்திலேயே அதை எப்போது நீக்க வேண்டும் என்ற குறிப்பும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.